பங்காருபேட்டை தாண்டினால் கிளாசிக்கல்

மாரிகுப்பத்தில் ரயில் கிளம்பும்போது தென்றலின் பாட்டுக் குழு மத்திய காலத்தில் இருக்கும். பங்காருபேட்டைக்குள் நுழைவதற்குள் ஐரோப்பாவின் எழுநூறு எண்ணூறு வருட சங்கீதத்தைக் கடந்துவிட வேண்டும். கடக்க முடியவில்லை. அதுதான் தலைவலி.

"அண்ணா, கையை எடுங்க."

"எந்தக் கையம்மா?"

"டிபன் பாக்ஸ் மேல தட்டிக்கினு இருக்கே, அந்தக் கை."

தாமோதரன் குனிந்து பார்த்தார். கை அவரைக் கேட்காமலே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பாறைக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு குரல். அந்தக் குரலுக்காகத்தான் தென்றல் அவரைப் பிடித்தாள். குரலோடு கையும் சேர்ந்து வரும் என்று அப்போது தெரியவில்லை.

"இது மடத்துல துறவிங்க பாடுனதுண்ணா. ஒரே குரல். தாளமே கிடையாது. மூச்சு எவ்ளோ தூரம் போகுதோ, அவ்ளோ தூரம் பாட்டு."

"தாளம் இல்லாம இன்னா பாட்டும்மா? பொணத்துக்குக்கூட தாளம் கீது."

எதிர் சீட்டில் போர்வைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "பொணம்னே நெனச்சுக்கோங்க. கொஞ்சம் தூங்க வுடுங்க."

தென்றல் கண்ணை மூடி, திறந்து, "மறுபடியும் ஆரம்பிங்கண்ணா" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. தாமோதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்: "சூரியனே எழுந்திரு, நாங்க எழுந்தாச்சு."

அந்த ஒரு வரிதான் மொத்தப் பாட்டும். தென்றலே எழுதியது. இதே வரியை மத்திய காலத்து முறையில் ஒரு தடவை, மறுமலர்ச்சிக் காலத்து முறையில் ஒரு தடவை, பரோக் முறையில் ஒரு தடவை, கடைசியில் கிளாசிக்கல் முறையில் ஒரு தடவை பாட வேண்டும். வரி மாறாது, பாடும் விதம்தான் மாறும். கேட்பவருக்கு ஒரு வரியிலேயே வரலாறு விளங்கிவிடும். காகிதத்தில் பார்க்கும்போது பிரமாதமான யோசனையாகத்தான் இருந்தது.

தென்றலுக்கு முப்பத்து மூன்று வயது. மூடிப்போன தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில் வீடு. உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காகவே கணவன் வேந்தன் தினமும் விடியுமுன் பைக்கில் கொண்டுவந்து மாரிகுப்பத்தில் இறக்கிவிடுவான். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பிரிவு. அவள் கிளம்பும்போது மகள் யாழினி தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு போன் வரும். மற்ற பிள்ளைகள் "அம்மா, சாப்டியா?" என்று கேட்கும். யாழினி கேட்பது ஒன்றே ஒன்று: "அம்மா, எந்த ஸ்டேஷன்?" அ, ஆ முழுதாக வருவதற்கு முன்பே அந்தக் குழந்தைக்கு மாரிகுப்பத்திலிருந்து கன்டோன்மென்ட் வரை எல்லா ஸ்டேஷனும் மனப்பாடம்.

அதனால்தான், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கு மேற்கத்திய இசை ஆசிரியர் தேவை என்று கேள்விப்பட்டதும் தென்றல் பறந்துபோய் நின்றாள். புத்த விகாரைக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த கீபோர்டில் பழகி, கிரேடு கிரேடாகப் பரீட்சை எழுதித் தேறியவள் அவள். சர்டிபிகேட்டுகளை மேஜை மேல் பரப்பினாள்.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் சுந்தரராஜ் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். அவர் அறையில் பூந்தொட்டிகள்கூட உயர வரிசையில் இருந்தன. சுவரில், கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கட்டடத்தின் படம்.

"சர்டிபிகேட் எல்லார்கிட்டயும்தாம்மா கீது. பாட வைக்கத் தெரியணும். மிடீவல்ல ஆரம்பிச்சு கிளாசிக்கல் வரைக்கும் ஒரு புரோகிராம் பண்ணிக் காட்டுங்க. வெளியாளுங்க வேணாம், நம்ம ஊர் ஆளுங்களை வெச்சே பண்ணுங்க. எனக்கு எல்லாம் வரிசையா வரணும். நடுவுல ஒண்ணு விட்டாலும் ஒத்துக்க மாட்டேன்."

"வேலை கிடைச்சா எப்ப சார் சேரணும்?"

"ஜூன்ல. மொதல்ல வரிசையா பாடுங்க."

நம்ம ஊர் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? பகலில் ஊரில் தேடினால் பென்ஷன்காரர்கள்தான் கிடைப்பார்கள். பாடக்கூடிய வயதும் மூச்சும் உள்ளவர்கள் எல்லாம் ரயிலில் இருக்கிறார்கள். தென்றல் ரயிலிலேயே நாலு பேரைப் பிடித்தாள். சாயங்காலம் ஆளுக்கொரு வண்டியில் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால், "வாரத்துல ஒரு நாளுதான் கட்டில்ல படுக்கறோம், அதுலயும் கை வைக்கிறியா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். அந்த ஒன்றை மட்டும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆக, ஒத்திகை காலை ரயிலில்தான்.

அங்கேதான் தென்றலுக்கு அந்த யோசனை தோன்றியது. மாரிகுப்பத்தில் தாமோதரன் மட்டும் இருப்பார். ஒரு குரல், மத்திய காலத்தின் ஆரம்பமும் ஒரு குரல்தான். சாம்பியனில் பாக்யலட்சுமி ஏறுவாள். இரண்டு குரல், முதல் குரலுக்கு ஐந்து ஸ்வரம் மேலே நிழல் மாதிரி இரண்டாவது குரல் கூடவே போகும் ஆர்கனம். உரிகத்தில் ரூபேஷ் ஏறினால் மூன்று குரல். கோரமண்டலில் டக்ளஸ் ஏறியதும் நாலு குரல், மறுமலர்ச்சி. அங்கிருந்து பங்காருபேட்டை வரை பரோக். பங்காருபேட்டை தாண்டினால் கிளாசிக்கல்.

ரயில்வேக்காரன் சங்கீத வரலாறு படித்துவிட்டுத்தான் இந்தப் பாதையைப் போட்டானோ என்று அவள் அன்று வேந்தனிடம் பெருமையடித்தாள். அவன், "சங்கிலி இழுத்துறப் போறாங்க, ஜாக்கிரதை" என்றான்.

ரயில் சாம்பியனில் நின்றது. பாக்யலட்சுமி உள்ளே வருவதற்கு முன் அவள் குரல் வந்தது. "தள்ளு தள்ளு, தென்றலு, எடம் போட்டியா?" கார்மென்ட்ஸ் கம்பெனியில் நூறு மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய லைன் சூப்பர்வைசர். உச்ச ஸ்தாயி அவளுக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில்.

"அக்கா, நீங்க அண்ணா பாடுறதையே பாடுறீங்க."

"ஆமா. நல்லாத்தானே பாடறாரு?"

"நீங்க மேல இருந்து பாடணும்க்கா. கூடவே போகணும், ஆனா ஒட்டக் கூடாது."

"கூடவே போகணும், ஒட்டக் கூடாதா? என் வீட்டுக்காரரு சொல்ற மாதிரியே சொல்ற."

பாடினாள். மேலே இருந்துதான் ஆரம்பித்தாள். "எழுந்திரு" வருவதற்குள் வழுக்கிக்கொண்டு தாமோதரனின் சுருதியில் வந்து உட்கார்ந்தாள். வரும் வழியில் நாலு கமகம் வேறு.

"அக்கா, அந்த வளைவு நெளிவெல்லாம் வேணாம்."

"சும்மா நேரா பாடுனா, பொம்பள இல்லாத வீடு மாதிரி வெறிச்சுனு கீதே தென்றலு."

"வெறிச்சுனுதான்க்கா இருக்கணும்! அது மடம்!"

போர்வை அசைந்தது. "இது வீடுமில்ல, மடமுமில்ல. ரயிலு."

உரிகத்தில் ரூபேஷ், காதில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் போனோடு ஏறினான். பெங்களூரில் மொபைல் ஷோரூமில் வேலை. இருபத்து நாலு வயது. நல்ல குரல், பொறுமை மட்டும் கிடையாது.

"மேடம், எதுக்கு இவ்ளோ கஷ்டம்? டிராக் ஒண்ணு எறக்கி, கீழ பீட் போட்டுட்டா சும்னே எல்லாரும் வாயசைச்சா போதும்."

"பன்னெண்டாம் நூற்றாண்டுல பீட் எங்கடா இருந்துச்சு?"

"அதான் மேடம் அவங்க பாட்டை இப்ப யாரும் கேக்கறதில்ல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க."

கோரமண்டலில் டக்ளஸ். ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர். சர்ச் கொயரில் சின்ன வயதிலிருந்து பாடுகிறவர். நாலு குரல் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. தென்றல் அவரை நம்பித்தான் இந்தக் காரியத்திலேயே இறங்கினாள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் பிடித்துக்கொண்டு, அவர் முடிப்பதற்குள் மூன்றாமவர் நுழைந்து, அதற்கு மேல் நாலாமவர் நுழைந்து, கோரமண்டலில் மட்டும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அது சங்கீதமாகவே கேட்கும். போர்வைகூடச் சும்மா இருக்கும். அப்படியே போய் எல்லாரும் ஒன்றாக வந்து முடிப்பார்கள். முடித்தவுடன்,

"ஆ...மென்."

"டக்ளஸண்ணா!"

"வந்துடுது சிஸ்டர்."

"இது சூரியனைப் பத்தின பாட்டுண்ணா. ஜெபம் இல்ல."

"நாலு குரல் ஒண்ணா முடிஞ்சா ஆமென் வரணும் சிஸ்டர். இல்லாட்டி கதவு சாத்தாத வீடு மாதிரி கீது."

பிறகு பரோக். ஒரு குரலை இன்னொரு குரல் துரத்தும் ஃபியூக். கீழே தாமோதரனின் அடிக்குரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் மட்டும் யாருக்கும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பிப்பது இவர்களுக்குப் பிறவியிலேயே வருகிறது. பாக்யலட்சுமியின் கமகத்துக்கும் அங்கே இடம் இருந்தது. "இதான் பாட்டு. இத்த வுட்டுட்டு இன்னான்னமோ சொல்லிக்கினு இருந்தே" என்றாள் அவள்.

அதற்குள் பங்காருபேட்டை வந்துவிடும்.

பங்காருபேட்டையில் வண்டி நிற்கும். பிளாட்பாரம் அப்படியே உள்ளே ஏறும். உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து நிற்க வேண்டியதுதான்; யாராவது கைக்குழந்தையோடு வந்துவிடுவார்கள். தாமோதரனின் மூக்கு ஒருவர் முதுகில் இருக்கும். டக்ளஸ் எங்கே என்றே தெரியாது. "சுரங்க ஷாஃப்ட்ல எறக்குற கேஜ்ல ஆள் அடைக்கிற மாதிரி அடைக்கிறான்" என்று தாமோதரன் எங்கிருந்தோ சொல்வது கேட்கும். ஒரு கையால் பையைக் கட்டிக்கொண்டு, மறு கையால் மேலே தொங்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு விடவே இடமில்லாமல் நிற்கும்போது கிளாசிக்கலை எங்கே பாடுவது?

ஒரு நாளாவது கூட்டம் குறையும் என்று தென்றல் காத்திருந்தாள். குறையவில்லை. நிகழ்ச்சிக்கு முந்தின வாரம், கிளாசிக்கல் பகுதியைத் தானே பாடிப் பதிவு செய்து குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள்.

"கேட்டீங்களா?"

"சர்ச்சு வேலை சிஸ்டர்."

"என் போன்ல எடமே இல்ல தென்றலு. குட் மார்னிங் ரொம்பிடுச்சு."

"நான் கேட்டேன் மேடம்," என்றான் ரூபேஷ். "டூ எக்ஸ்ல."

ஞாயிற்றுக்கிழமை மாலை, பள்ளி ஹாலில் மின்விசிறிகள் சுற்றின. முன் வரிசையில் சுந்தரராஜ் மட்டும் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஓரமாக ஒரு கீபோர்டு, நாலு நாற்காலி. நாலு பேரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். பாக்யலட்சுமி பட்டுப்புடவையில். ஆனாலும் நாலு பேர் தோளிலும் அவரவர் டிபன் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"பை எதுக்குக்கா? இன்னிக்கு லீவு நாளு."

"பை இல்லாட்டி தொண்டை தொறக்க மாட்டேங்குது தென்றலு. வீட்ல பாடிப் பாத்தேன்."

தென்றலுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. சுந்தரராஜைப் பார்த்து, "முதலில் மத்திய காலம். எல்லாரும் ஒரே குரலில்" என்று அறிவித்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

தாமோதரன் ஆரம்பித்தார். தாமோதரன் மட்டும்.

தென்றல் மற்ற மூவரையும் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். அவர்களும் அவளை அன்போடு பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "பாடுங்க!"

"நாங்க இன்னும் ஏறலியே" என்றாள் பாக்யலட்சுமி.

தென்றலுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. மத்திய காலம் தெரிந்தவர் தாமோதரன் ஒருவர்தான். பாக்யலட்சுமி ஏறுவது ஆர்கனத்தில். ரூபேஷ் அதற்கும் பின்னால். டக்ளஸ் ஏறுவதே பதினாறாம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பாட்டு இருந்ததா என்றே அந்த மனிதருக்குத் தெரியாது! இத்தனை நாளாக இவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாளே தவிர, இந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? ரயில்வேக்காரனா?

தாமோதரன் வரியை முடித்துவிட்டு நின்றார். சுந்தரராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்தது?"

பாக்யலட்சுமியும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று இப்போது தென்றலுக்குத் தெரிந்துவிட்டது. வேறு வழியில்லை. மானம் போனால் போகட்டும் என்று மேடையிலிருந்து உரக்கச் சொன்னாள்:

"சாம்பியன்!"

பொத்தானைத் தட்டியது போல பாக்யலட்சுமி உள்ளே நுழைந்தாள். ஐந்து ஸ்வரம் மேலே, சுத்தமாக. இந்தத் தடவை வழுக்கவேயில்லை. தாமோதரனும் தானாக மறுபடி ஆரம்பித்திருந்தார்.

"உரிகம்!"

ரூபேஷ்.

"கோரமண்டல்!"

டக்ளஸ். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு குரலும் ஏறி ஹாலை நிரப்பின. சுந்தரராஜின் புருவம் நெற்றிக்கு ஏறியது, ஆனால் கால் தாளம் போட ஆரம்பித்திருந்தது. மறுமலர்ச்சி முடிந்து, தென்றல் கண்ணால் ஜாடை காட்டியும் டக்ளஸ் ஆமென் சொல்லி, பரோக் ஓடத் தொடங்கியது. துரத்தல் சூடு பிடித்தது. நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள் தென்றல். நாலு பேரும் இடது கையால் பையைக் கட்டிக்கொண்டு, வலது கையை உயரத் தூக்கி, இல்லாத ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு லேசாக ஆடியபடி பாடிக்கொண்டிருந்தார்கள்.

பரோக் முடிந்தது. பழக்க தோஷம், தென்றல் வாயிலிருந்து வந்துவிட்டது:

"பங்காருபேட்டை!"

நாலு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, மேடை நடுவில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

சுந்தரராஜ் காத்திருந்தார். பிறகு கேட்டார். "கிளாசிக்கல் எங்கம்மா?"

டக்ளஸ் மட்டும், "அதுக்கப்புறம் கூட்டம் சார்" என்றார் மரியாதையாக.

"வரிசை முடியலையே." சுந்தரராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

தென்றலுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாத கோபம். இந்த மனிதர் வாசலைத் தாண்டினால் நாளைக்கு மறுபடி அதே இருட்டு, அதே பைக், அதே மாரிகுப்பம். யாழினி போனில், "எந்த ஸ்டேஷன்?"

"உக்காருங்க சார்!" என்றாள். பில்லிங் கவுண்டரில் வரிசை தாண்டி வருபவர்களிடம் பேசும் குரல் அது. சுந்தரராஜ் உட்கார்ந்துவிட்டார்.

தென்றல் குழுவின் பக்கம் திரும்பினாள். "பையைக் கீழ வைங்க."

"தென்றலு..."

"கீழ வைங்கக்கா. வண்டி காலி. எல்லாரும் எறங்கிட்டாங்க. அவ்ளோ பெட்டியிலயும் நாம மட்டும்தான். சீட்டு இருக்கு பாருங்க. உக்காருங்க."

நாலு பேரும் சந்தேகத்தோடு நாற்காலிகளைப் பார்த்தார்கள். பங்காருபேட்டைக்குப் பிறகு உட்கார இடமா? தாமோதரன்தான் முதலில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். யார் மேலும் இடிக்கவில்லை. மறுபடியும் கொஞ்சம் நீட்டினார்.

"இப்ப யாரும் யாரையும் துரத்த வேணாம். பாக்யாக்கா மட்டும் பாடுங்க. பாதி வரி. அப்புறம் நிறுத்திடுங்க. மூச்சு விடுங்க. நான் கீபோர்டுல பதில் சொல்றேன். அப்புறம் மீதி வரி. நீங்க மூணு பேரும் அடில மெதுவா, அவங்களுக்குப் பாய் விரிச்ச மாதிரி. அவ்ளோதான் கிளாசிக்கல். எடம் இருக்கறவங்க பாட்டு."

கீபோர்டில் உட்கார்ந்தாள். பாக்யலட்சுமி தயங்கி, "சூரியனே எழுந்திரு" என்றாள். வளைவு நெளிவு இல்லை. உட்கார்ந்து பாடிய ஆச்சரியத்தில் மறந்துவிட்டாள் போலும். நிறுத்தினாள். தென்றலின் விரல்கள் அதே அளவில் ஒரு பதில் சொல்லின. "நாங்க எழுந்தாச்சு." அடியில் மூன்று குரல். ரூபேஷ் ஓர் இடத்தில் முந்தினான். தாமோதரன் சரியான ஸ்வரத்தை இரண்டாவது தேடலில்தான் கண்டுபிடித்தார். ஆனால் கேள்வி கேள்வியாக இருந்தது, பதில் பதிலாக இருந்தது, நடுவில் கொஞ்சம் காற்று இருந்தது.

டக்ளஸ் வாயைத் திறந்தார். தென்றல் முறைத்தாள். அவர் ஆமெனை விழுங்கினார்.

சுந்தரராஜ் கை தட்டினார். "இப்ப வரிசை முடிஞ்சுது. குட். வேலை உங்களுக்குத்தான். ஜூன்ல ஒயிட்ஃபீல்ட் பிராஞ்சுல ஜாயின் பண்ணிடுங்க."

"எங்க சார்?"

"ஒயிட்ஃபீல்ட். என் ரூம்ல படம் பாத்திருப்பீங்களே, பில்டிங் முடியப்போகுது. அங்க பேரன்ட்ஸ்தான் வெஸ்டர்ன் வேணும்னு கேக்கறாங்க. நீங்கதான் டெய்லி ரயில்ல போறீங்களே, பிரச்சினை இல்ல. முன்னாடியே எறங்கிடலாம்."

தென்றல் கீபோர்டிலிருந்து எழுந்தாள். "அப்ப நம்ம ஊர் ஆளுங்களை வெச்சுத்தான் பண்ணனும்னு ஏன் சார் சொன்னீங்க?"

"அதுவாம்மா," சுந்தரராஜ் பெருந்தன்மையோடு சிரித்தார். "நம்ம ஊர் ஆளுங்களையே பாட வெச்சுட்டா, ஒயிட்ஃபீல்ட் பசங்களைப் பாட வைக்கிறது ஈசிதானே? இங்க யாரு இதெல்லாம் கேக்கப் போறாங்க?"

மேடையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"இன்னா சார் சொன்னீங்க?" அடியிலிருந்து, தாமோதரனின் குரல். "இந்த ஊர்ல கேக்கறதுக்கு ஆள் இல்லியா? ராத்திரி பகலா ஷிப்ட் பாத்த ஊரு சார் இது..."

அவர் முடிக்கவில்லை. சரியான இடத்தில் பாக்யலட்சுமி நுழைந்தாள். "இந்த ஊர்ல ஆள் இல்லியா? என் ரெண்டு பொண்ணும் உங்க ஸ்கூல்லதான் படிக்குது! நான் கேக்கறேன், எழுதிக்கோங்க..."

"ஆள் இல்லியா சார்?" ரூபேஷ். "எங்க அக்கா பையன் உங்ககிட்டதான் நாலாவது. டான்ஸ் கிளாஸ்னு பீஸ் வாங்குனீங்க, டான்ஸ் எங்க சார்..."

"ஆள் இல்லியா பிரதர்?" டக்ளஸ். "எங்க சர்ச்சுல இருந்து மட்டும் எத்தினி பிள்ளைங்க இங்க வர்துன்னு தெரியுமா? வர்ற சண்டே நான் எழுந்து கேக்கட்டுமா?"

அடியில் தாமோதரன் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தார். மேலே பாக்யலட்சுமி அலங்காரங்களோடு ஏறினாள். நடுவில் இருவரும் விட்ட இடத்தைப் பிடித்தார்கள். சுந்தரராஜ் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் யாராவது அங்கே ஏற்கெனவே நுழைந்திருந்தார்கள். இத்தனை நாளில் ரயிலில் ஒரு நாள்கூட இவ்வளவு பிசகில்லாமல் இவர்கள் ஃபியூக் பாடியதில்லை என்று தென்றலுக்குத் தோன்றியது.

அவள் கையை உயர்த்தினாள். நாலு பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள். அவள் கையைப் பார்த்து நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

அந்த நிசப்தத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒயிட்ஃபீல்ட் வேணாம் சார். இங்க வேலை இருக்கா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டாள்.

சுந்தரராஜ் நாலு பேரையும் பார்த்தார். அவர்களில் எத்தனை பேர் பெற்றோர், எத்தனை பேர் உறவு, எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கக்கூடியவர்கள் என்று மனதுக்குள் வரிசைப்படுத்துவது தெரிந்தது.

"நீங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் அவர்களிடம். நாலு பேரும் பைகளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"ஒரு டெர்ம்," என்றார் சுந்தரராஜ், குரலைத் தாழ்த்தி. "இங்கயே எடுங்க. பிள்ளைங்க சேர்ந்தா மேல பாக்கலாம். சேரலைன்னா ஒயிட்ஃபீல்ட்தான், அப்ப பேச்சே கூடாது. ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க சார்."

"அந்த நாலு பேரும் கிளாஸ் பக்கம் வரக் கூடாது."

"அவங்களுக்கு ஏது சார் நேரம்? அவங்க ரயில்ல இருப்பாங்க."

ஒரு டெர்ம். பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், அதற்குப் பெற்றோரைச் சேர்க்க வேண்டும். தாளம், கமகம், டூ எக்ஸ், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். தென்றலுக்கு இப்போதே தலை வலித்தது. கைப்பையில் போன் அடித்தது. வேந்தன் போன். எடுத்தால் குழந்தை.

"அம்மா, எந்த ஸ்டேஷன்?"

"ஸ்டேஷன் இல்லடா. ஆண்டர்சன்பேட்டை. நடந்தே வந்துடுவேன்."

யாழினி யோசித்தாள். "அது லிஸ்ட்லயே இல்லியே?"

கதவுக்கு வெளியே நாலு பேரும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். இத்தனை நேரம் விழுங்கி வைத்திருந்ததை டக்ளஸ் வராந்தாவே அதிர இழுத்து வெளியே விட்டார்.

"ஆ...மென்."

இந்தத் தடவை தென்றல் அவரைத் திட்டவில்லை.